தேனடைச் சட்டங்களைச் சேமித்தல்

தேன் எடுப்பு முடிந்தபின் வெற்று அடைகள், தேன் அறைகள், தேன் எடுக்கும் கருவி, புகைப்பான், ராணித் தடுப்பு ஆகியவற்றை அடுத்த பருவம்வரை கெடாமல் பாதுகாக்கும் தேனீ வளர்ப்பு முறை. இவற்றுள் முதன்மையானது அடைப் பாதுகாப்பு. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ தேனைச் செலவிடுவதாகக் கணக்கிடுவர். கட்டிய அடை கையிருப்பில் இருந்தால் அந்தத் தேன் மிச்சமாகும்.

வரலாறு

பானையிலும் மரப்பொந்திலும் தேனீ வளர்த்த காலத்தில் அடையை அறுத்துப் பிழிந்தே தேன் எடுத்தனர். சேமிக்க அடை எஞ்சவில்லை. அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851இல் தேனீக்கள் அடைக்காமல் விடும் 'தேனீ இடைவெளி'யைப் பயன்படுத்திக் கழற்றக்கூடிய சட்டப் பெட்டியை அமைத்து, 1852இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மானியரான மேரிங் 1857இல், அடை கட்ட அடித்தளமாகும் மெழுகு அடித்தாளுக்கான அச்சை உருவாக்கினார். ஆஸ்திரியப் படை அதிகாரி ஹ்ருஷ்கா 1865இல் சுழற்சி விசையால் தேன் எடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அடை உடையாமல் தேன் பிரிந்தது. அடைச் சேமிப்பு என்னும் தேவையும் அன்றுதான் பிறந்தது.

திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்தார். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில் மார்த்தாண்டத்தில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் துளிர்க்கும் மாதங்களே தேன் பருவம். மழைக்காலப் பஞ்சத்தில் தேன் அறைகளைக் கழற்றி வைப்பர்.

அழிவுக் காரணிகள்

பெரிய மெழுகு அந்துப்பூச்சி, சிறிய மெழுகு அந்துப்பூச்சி என இருவகை உண்டு. இவற்றின் புழுக்கள் மகரந்தமும் கூட்டுத்தோலும் படிந்த கறுத்த அடைகளையே அதிகம் தின்னும். புதிய வெள்ளை அடைகள் பெரும்பாலும் தப்பும். கூட்டில் தேனீக்கள் வலுவாக இருந்தால் புழுவை இழுத்தெறியும். கழற்றி வைத்த அடைக்கு அக்காவல் இல்லை. இந்தியத் தேனீ பழைய அடையைத் தானே கடித்துதிர்க்கும் இயல்புடையது. எனவே தேன் அறை அடைகளைச் சேமித்தால் போதும்; புழு அறையின் கறுத்த அடைகளை உருக்கிவிடுவதே முறை.

முறைகள்

தேன் ஈரமுள்ள அடைகளை மாலையில் கூட்டின்மேல் வைத்தால் தேனீக்கள் நக்கித் துடைத்துவிடும். திறந்தவெளியில் வைத்தால் கொள்ளைச் சண்டை மூளும். உலர்ந்த தேன் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைக் காகிதம் ஒட்டி அடைத்து, உச்சியில் ஒரு வெற்று அறை வைத்து, அதனுள் மண்சட்டியில் கந்தகம் எரிப்பர். அந்தப் புகை காற்றைவிடக் கனமானதால் கீழிறங்கும். முட்டைகள் அதற்குச் சாவதில்லை. ஆகவே இரு வாரம் கழித்து மீண்டும் புகையூட்ட வேண்டும். நாப்தலின் உருண்டையின் வாடை மெழுகில் ஏறித் தேனுக்கும் பரவுவதால் அது தகாது. −15 பாகை செல்சியசில் 2 மணி நேரம் உறையவைத்தால் முட்டையும் சாகும்.

தேன் எடுக்கும் கருவியை வெந்நீரில் கழுவி உலர்த்துவர். ஒட்டிய தேன் ஈரம் இழுத்துப் புளிக்கும். புகைப்பானின் தாரைச் சுரண்டுவர்.

தற்கால நிலை

1991–92இல் தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய்லாந்துப் பை நோய் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது. நோயுற்ற கூட்டின் அடைகள் சேமிப்புக்கு ஆகா. இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன.