சான்றுப் பொருளா, நோயாளியா? மான்குர்த்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் கழிமுகத்தைக் கடப்பதற்கு முன் வரும் கடைசி நிலையம் மான்குர்த். தேவ்னார் குப்பைமேடு, மறுகுடியமர்த்தப்பட்டோர் குடியிருப்புகள், சிறார் இல்லங்கள், பெண்கள் காப்பகங்கள் என, நகரம் தன் கண்ணில் படாமல் வைக்க விரும்பியவை பலவும் இப்பக்கமே ஒதுங்கின. 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் இப்பகுதி அடங்கிய எம்-கிழக்கு வார்டுக்குக் கடைசி இடம். நம் தமிழர் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப்பும் இதே வார்டில்தான் உள்ளது.

இங்கே ஒரு பெண் வல்லுறவுக்கு ஆளானால் முதலில் எங்கே செல்வாள்? காவல் நிலையத்துக்கா, மருத்துவமனைக்கா? எளிய கேள்விபோல் தோன்றும் இதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், வல்லுறவு வழக்கில் புகார் தந்த பெண்ணின் ‘பொதுவான ஒழுக்கக்கேட்டை’க் காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடமளித்தது. அப்பிரிவு நீக்கப்பட்டது 2002இல்தான். அந்த 130 ஆண்டுகளில் மருத்துவக் கல்வியும் இதே ஐயத்தையே வழிமொழிந்தது. கன்னித்திரை, ‘இரு விரல் சோதனை’, உடலில் போராடிய காயங்கள் ஆகியவற்றைத் தேடுவதே மருத்துவரின் கடமையாயிற்று. வலிக்கு மருந்து, கருத்தடை, நோய்த்தொற்றுத் தடுப்பு, ஆறுதல் ஆகியவை அக்கடமையில் சேரவில்லை.

இதன் விளைவை மகாராட்டிரத்தின் இரு நிகழ்வுகள் காட்டும். 1972 மார்ச் 26 இரவு, தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்னும் பழங்குடிச் சிறுமி காவலரால் வல்லுறவுக்கு ஆளானாள். மறுநாள் இரவு 8 மணிக்குத்தான் மருத்துவச் சோதனை நடந்தது. காயம் இல்லை என்றும் இரு விரல்கள் எளிதில் நுழைந்தன என்றும் அறிக்கை எழுதப்பட்டது. ‘உடலுறவுக்குப் பழகியவள்’ என்றது விசாரணை நீதிமன்றம். உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. ஆனால் 1978இல் உச்சநீதிமன்றம், காயமின்மையையும் சுட்டி, அவர்களை விடுவித்தது.

அடுத்தது 1973 நவம்பர் 27. மும்பை பரேலின் கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியர் அருணா ஷான்பாக், அங்கேயே வேலை செய்த ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டார். மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்ந்தும், பாலியல் குற்றம் வழக்கில் இடம்பெறவில்லை. திருட்டுக்கும் கொலைமுயற்சிக்கும் மட்டுமே அவன் 7 ஆண்டு தண்டனை பெற்றான். அருணாவோ 2015 மே 18 வரை, 41 ஆண்டுகளுக்கும் மேல், அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்.

மதுரா தீர்ப்பை எதிர்த்து 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் திறந்த மடல் எழுதினர். 1980இல் பம்பாய்ப் பெண்கள் அமைப்பாகத் திரண்டனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றம் சற்று மாறியது; மருத்துவமனையின் சோதனை அறை மாறவில்லை.

அந்த அறையை மாற்றும் முயற்சியும் மும்பையிலேயே தொடங்கியது. 2000இல் பாந்திராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் செஹாத் என்ற ஆய்வு அமைப்பும் இணைந்து ‘திலாசா’ மையத்தை நிறுவின. வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பொது மருத்துவமனைக்குள்ளேயே இயங்கிய முன்னோடி மையம் அது. பின்னர் மாநகராட்சியின் வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றது. மறுப்போருக்கு ஓராண்டு வரை சிறை. 2014இல் நடுவண் நலவாழ்வுத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு இரு விரல் சோதனையைக் கைவிடச் சொன்னது. ஆயினும் 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது. எழுதிய நெறி நடைமுறையாகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பதிவான வல்லுறவு வழக்குகள் 31,516. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுவது வேறு: 18 முதல் 49 வயதுப் பெண்களில் 6 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையேனும் பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். அது கோடிக்கணக்கான பெண்களைக் குறிக்கும். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானோரில் உதவி நாடியவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. ஆக, காவல் நிலையத்தை மட்டுமே வாயிலாக வைத்தால் பெரும்பாலோர்க்குச் சிகிச்சை எட்டாது.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள், வேண்டியவரிடம் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமலேயே மருத்துவமனைக்கு நேரே செல்லலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு விரைவில் எடுக்கிறோமோ அவ்வளவு நன்று. தடயச் சோதனைக்கு இசைவு தர மறுத்தாலும் சிகிச்சை மறுக்கப்படலாகாது. 18 வயதுக்குட்பட்டவராயின் காவல்துறைக்குத் தகவல் தருவது சட்டக் கட்டாயம். அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் வைத்திருப்பது நல்லது. துவைத்துவிட்டாலும் உரிமை போய்விடாது. காயம் இல்லாமை இசைவுக்குச் சான்றன்று.

மதுராவைச் சோதித்தார்கள், அவளுக்கு மருத்துவம் பார்த்தார்களா என்று எந்தத் தீர்ப்பும் கேட்கவில்லை. அக்கேள்வியை மான்குர்த்திலிருந்தும் நாம் இன்று கேட்டாக வேண்டும்.