அத்திப்பள்ளி தாண்டி பீனியா வரை: ஒரு வழியின் வரலாறு

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளிக்காரர்களுக்கு பெங்களூரு வெளியூர் அல்ல. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். எங்கள் அணையை நிரப்பும் தென்பெண்ணையே நந்தி மலையில் பிறந்து, அந்த நகரத்தின் ஓரமாக ஓடி, அதன் கழிவையும் சுமந்துகொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இந்தப் பக்கத்துப் பூவும் காய்கறியும் அங்கே போகின்றன. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு வேண்டிய கட்டரும் பேரிங்கும் அங்கிருந்து வருகின்றன. சின்ன டூல் ரூம் ஒன்றில் பர்ச்சேஸ் பார்த்தவன் நான். டையை ஹீட் ட்ரீட்மென்டுக்கு, அதாவது பதம் போட, பெங்களூருவின் வடமேற்கே உள்ள பீனியாவில் கொடுப்பதும் சாமான் வாங்க அங்கே எஸ்.பி. ரோடு போவதும் என் வேலை. பெங்களூருவின் தெற்கு முனையில் நுழைந்து வடமேற்கு முனைக்குப் போய்ச் சேர எது நல்ல வழி என்ற கேள்வியில் என் பிழைப்பே இருந்தது.

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஓசூருக்கு முதல் ரயில் வந்தது 1913ல். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906ல் போட்ட குறுகிய பாதையை ஓசூர் வரை நீட்டினார்கள். அந்த ரயில் பெங்களூரு போகவில்லை. ஓசூர் அன்று மதராஸ் மாகாணத்தின் சேலம் ஜில்லா; பெங்களூரு மைசூர் சமஸ்தானம். தண்டவாளம் எல்லைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த நகரத்தை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மொரப்பூருக்குத்தான் எங்கள் ஊர் ரயிலில் போக முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941ல், அந்தப் பாதையையும் மூடினார்கள். சேலத்திலிருந்து ஓசூர் வழியாக பெங்களூருக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1990களில் அது அகலப்பாதை ஆனது. ஆனால் அந்த ரயிலும் நிலையம் வரைதான் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நகரத்துக்குள் வேறெங்கும் போக பஸ்தான் கதி.

1970களில் சிப்காட் வந்தது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் நிலைத்தன. அவற்றுக்குப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அங்கே பெங்களூரில் பீனியா தொழிற்பேட்டை வளர்ந்தது. ஓசூரில் வேலை, பீனியாவில் பதம் என்று இரண்டுக்கும் இடையே சாக்குப் பையில் இரும்பைச் சுமந்து போகிற ஒரு கூட்டம் உருவானது. நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அன்று எங்கள் வழி ஒன்றே ஒன்றுதான். ஜுஜுவாடி தாண்டி, பார்டர் தாண்டி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஹெப்பகோடி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு. அங்கிருந்து மெஜஸ்டிக். பிறகு வேறு பஸ் பிடித்து பீனியா. எங்கே போவதென்றாலும் மெஜஸ்டிக் போய்த்தான் போக வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் எழுந்த அந்த பஸ் நிலையத்தில்தான் நகரத்தின் எல்லாத் தடங்களும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. 2010 ஜனவரியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபோது சுமார் பத்து கிலோமீட்டர் நெரிசலைத் தாண்டிவிடலாம் என்று மகிழ்ந்தோம். பாலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை சில்க் போர்டு சிக்னல் திரும்ப வாங்கிக்கொண்டது.

பட்டறையில் ஒரு மூத்த மேஸ்திரி இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “தம்பி, எத்தனை கிலோமீட்டருன்னு பாக்காதே. எத்தனை எடத்துல எறங்கி ஏறணும், ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு நேரம் நிக்கணும், அதைப் பாரு.” உலகம் இந்த உண்மையைக் கண்டுகொள்ள எவ்வளவு காலம் ஆயிற்று என்பது பின்னால் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

லண்டனில் 1863லேயே நிலத்தடி ரயில் ஓடியது. ஆனால் அதன் வரைபடங்கள் பல காலம் ஊரின் நில அளவைத்தான் பின்பற்றின. நடு ஊரில் நிலையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். புறநகரக் கோடு தாளுக்கு வெளியே ஓடும். மின்சுற்று வரைபடம் போடுகிற வேலையில் இருந்த ஹாரி பெக் 1931ல் வேறு மாதிரி வரைந்தார். கோடுகள் கிடையாக, செங்குத்தாக, அல்லது 45 டிகிரி சாய்வாக மட்டும் போகும். தூரம் கணக்கில்லை, எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாறுவது என்பதே கணக்கு. முதலில் மறுத்த ரயில் நிர்வாகம் 1933ல் அதை அச்சிட்டது. இன்று உலகத்து மெட்ரோ வரைபடங்களில் பெரும்பாலானவை அவர் போட்ட வழியில் வந்தவை.

1956ல் ஆம்ஸ்டர்டாமில் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற இளைஞர், காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் மிகக் குறுகிய வழி காணும் ஒரு முறையை யோசித்தார். நெதர்லாந்தின் 64 ஊர்களைக் கொண்ட வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த செலவில் போகும் வழியைக் கணினி சொல்ல வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து மிக அருகில் இருப்பதை முதலில் உறுதி செய். அதிலிருந்து அடுத்தடுத்த ஊர்களுக்கு ஆகும் செலவைக் கூட்டு. மிகக் குறைந்ததை எடு. இப்படியே சேர வேண்டிய இடம் வரை போ. 1959ல் வெளியான இந்த முறையின் வாரிசுகள்தான் இன்று கைபேசியில் நமக்கு வழி சொல்கின்றன. இரண்டு நிலையங்களுக்கு நடுவே கிலோமீட்டரை வைப்பதா, நிமிடத்தை வைப்பதா, காத்திருப்பையும் சேர்ப்பதா என்பதை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரி சொன்னதும் அதுதான்.

பெங்களூரு மெட்ரோ 2011 அக்டோபர் 20ல் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. எங்களுக்கு அதில் பயன் இல்லை. 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீனியா வரை பச்சைத் தடம் வந்தது. மெஜஸ்டிக் போனால் பக்கத்திலேயே ஏறலாம். உண்மையான மாற்றம் 2017 ஜூனில் வந்தது. பச்சைத் தடம் தெற்கே எலச்சேனஹள்ளி வரை முழுமையாகி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் சில்க் போர்டில் இறங்கி, ரிங் ரோடு பஸ்ஸில் பனசங்கரி போய், அங்கே மெட்ரோ ஏறி நேராக பீனியாவில் இறங்கினேன். கிலோமீட்டர் கணக்கில் இது சுற்று. ஆனால் வண்டி ஏறிவிட்டால் சேரும் நேரம் தெரியும். “நாலு மணிக்கு டை கையில இருக்கும்” என்று முதலாளியிடம் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

எங்கள் பக்கம் வரவிருந்த மஞ்சள் தடத்துக்கு நெடுங்காலம் காத்திருந்தோம். தூண்களும் நிலையங்களும் தயாரான பிறகும் ரயில் பெட்டிகள் வராமல் திறப்பு தள்ளிப்போனது. 2025 ஆகஸ்ட் 10ல் திறந்தார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள், ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய வண்டி. சில்க் போர்டு சிக்னலுக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி கடந்து போனேன். என் வாழ்நாளின் எத்தனையோ மணி நேரத்தைத் தின்ற அந்தச் சந்திப்பு கீழே நகர்ந்து போயிற்று.

ஆனால் தொடக்கத்தில் மூன்றே வண்டிகள், 25 நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் பஸ்ஸே பொம்மனஹள்ளியைத் தாண்டியிருக்கும். அந்த வாரங்களில் வண்டி நேரம் பார்த்துப் போனவர்களுக்கே மெட்ரோ நல்ல வழியாக இருந்தது. வண்டிகள் கூடக் கூட அந்தக் கணக்கு மாறியது.

இப்போது ஊர்ப் பையன்கள் கேட்டால் போகும் இடத்தைப் பொறுத்துச் சொல்கிறேன். பீனியா என்றால் பொம்மசந்திராவில் ஏறு, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறு, மெஜஸ்டிக்கில் எல்லோரும் இறங்குகிறார்களே என்று நீயும் இறங்காதே. இடையில் ராஜாஜி நகர் வரும். அந்தப் பெயருக்கு உரியவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொள். சிட்டி மார்க்கெட் என்றால் மெஜஸ்டிக்குக்கு இரண்டு நிலையம் முன்னாலேயே இறங்கு. ஒயிட்பீல்டு என்றால் மெட்ரோ வரைபடத்தை நம்பி மெஜஸ்டிக் போய் ஊதாத் தடத்தில் திரும்பி வராதே. நகரத்தின் நடு வரை போய் மறுபடி கிழக்கே வருகிற பாதை அது. கெலவரப்பள்ளியிலிருந்து பாகலூர், சர்ஜாபூர் வழியாகப் போவதே மேல். பெக் வரைந்த மாதிரியான படம், வண்டி மாறும் இடத்தைச் சொல்லும். ஊரின் வடிவத்தைச் சொல்லாது. இரண்டும் தெரிந்தவனுக்கே நல்ல வழி கிடைக்கும். சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் போகும் நீலத் தடமும் ஜெயதேவா மருத்துவமனையில் சந்திக்கும் இளஞ்சிவப்புத் தடமும் ஓடத் தொடங்கும்போது நான் சொல்லும் இந்த வழிகளும் மாறும். மாறட்டும்.

மாறாமல் நிற்பது எல்லை. 1913ல் ரயில் எல்லைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. 2025ல் மெட்ரோ எல்லைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோவை நீட்டுவது பற்றி சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வு செய்தது. அவர்கள் முறையில் போட்டால் ஒரு சிக்கல்: சென்னையில் வண்டி மேல்கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுக்கிறது. பெங்களூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது கம்பியிலிருந்து 750 வோல்ட். இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று சேராது என்று சொல்லி விஷயத்தை மூடிவிட முடியாது. ஓசூர் வண்டி பெங்களூருத் தண்டவாளத்தில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஒரே நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் போதும். மாறி ஏறுவது எங்களுக்குப் பழகிய வேலை. காத்திருப்பு குறைவாகவும் சேரும் நேரம் உறுதியாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெட்ரோ வரும் வரை, அத்திப்பள்ளியிலிருந்து பொம்மசந்திராவுக்கு ரயில் நேரத்தோடு பொருந்தும் பஸ்ஸும், இரண்டுக்கும் செல்லும் ஒரே டிக்கெட்டும் கொடுத்தால் எங்கள் வழி இன்றே நல்ல வழியாகிவிடும். இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கான பேர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச வேண்டும்.