ஒலிப்பேழையில் எஞ்சிய கூத்து

பாடல் என்பது ஒலியோடு முடிந்துவிடுவதன்று. பாடுவோன், பாடும் இடம், பாடும் வேளை, கேட்டு உடன்பாடும் ஊரார் ஆகிய யாவும் கூடிய நிகழ்ச்சி அது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் அந்நிகழ்ச்சியிலிருந்து ஒலியை மாத்திரம் பிரித்தெடுக்கின்றன. அவ்வாறு பிரித்தெடுத்த பல பாடல்களை ஒருவர் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஓர் உறையில் இட்டு வெளியிடும்போது அது தொகுப்பாகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கூத்துப் பாடல்களையும் நாட்டார் பாடல்களையும் நகரத்தில் வாழ்வோர் பலர் இத்தகைய தொகுப்புக்களின் வாயிலாகவே அறிந்துள்ளனர். எனவே அவற்றை மீண்டும் கேட்கும்போது இரண்டு குரல்களுக்குச் செவிகொடுத்தல் வேண்டும். ஒன்று கூத்தனின் குரல். மற்றது, எதனைக் காக்கலாம், எதனை விட்டுவிடலாம் என்று தீர்ப்புச் செய்த நகரத்தாரின் குரல்.

இதற்கு உலகறிந்த முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஃபோக்வேஸ் நிறுவனம் அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு ஒன்றை ஆறு நீளிசைத் தட்டுக்களில் வெளியிட்டது. அதனைத் தொகுத்தவர் ஹரி ஸ்மித் என்பார். அதிலுள்ள 84 பதிவுகளும் 1926 முதல் 1933 வரையான காலத்தில் வணிக நிறுவனங்கள் பதிந்து வெளியிட்ட பழைய தட்டுக்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்நிறுவனங்கள் கறுப்பின மக்களின் பாடல்களை ஒரு வரிசையாகவும், வெள்ளையின மலைநாட்டாரின் பாடல்களை வேறொரு வரிசையாகவும் விற்றுவந்தன. ஸ்மித் அப்பிரிவினையைக் கைவிட்டுக் கதைப்பாடல், கூடிப் பாடும் இசை, பிற பாடல் என மூன்றாக வகுத்தார். பாடியவர் எவ்வினத்தவர் என்பதை எங்கும் குறிக்கவில்லை. அத்தட்டுக்களைக் கேட்டுப் பழகிய நகரத்து இளைஞர் பலர் அடுத்த பத்தாண்டுகளில் எழுந்த நாட்டார் இசை மறுமலர்ச்சியில் முன்னின்றனர்.

அத்தொகுப்பில் இரண்டு பாடல்கள் பாடியிருந்த மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் என்னும் முதியவர் உயிரோடிருக்கிறாரா என்பதையே கேட்டவர்கள் நெடுங்காலம் அறியாதிருந்தனர். அவர் 1928இல் பதிந்த வேறொரு பாட்டில் அவலோன் என்னும் தம் ஊரைக் குறிப்பிட்டிருந்தார். அவ்வூர்ப் பெயரைத் துணையாகக் கொண்டு 1963இல் ஓர் இளைஞர் அங்கு சென்றார். ஹேர்ட் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார். அதே ஆண்டில் நியூபோர்ட் விழா மேடையில் ஏறிய அவர், 1966இல் இறக்கும்வரை பாடி வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் மறந்திருந்த ஒரு கலைஞரை உலகுக்கு மீட்டுக் கொடுத்தது ஓர் ஊரின் பெயர். இச்செய்தி யாழ்ப்பாணத்துத் தொகுப்புக்களைப் பற்றி எண்ணும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

நியூயோர்க்கில் தட்டு முந்திற்று; மேடை பிந்திற்று. இலங்கையில் மேடை முந்திற்று. 1956ஆம் ஆண்டு எதிரிவீர சரச்சந்திர கொழும்பில் அரங்கேற்றிய மனமே நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுடைய சிங்கள நாடக மரபிலிருந்து புதிய அரங்கு பிறக்கக்கூடும் என்பதைக் காட்டியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அப்பொழுது தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவர் தெல்லிப்பழையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன். அவர் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு மாணவர்களைப் பழக்கி, 1962இல் கர்ணன் போர், அதனையடுத்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை மேடையேற்றினார். பாமரர் கலையென்று ஒதுக்கப்பட்டிருந்த கூத்து, பட்டதாரிகள் பெருமையோடு பேசும் பொருளாயிற்று. ஆயின் அப்பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. விடிய விடிய ஆடப்பெற்ற கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி மறைந்து, ஒருபுறம் மட்டும் திறந்த மேடை வந்தது. நகரத்தார் செவிக்கு ஏற்ற அளவு எது என்பது அன்றே தீர்மானமாகிவிட்டது எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்மறுமலர்ச்சி எதிர்கொண்ட மரபுகள் ஒரே தன்மையன அல்ல. குருநகர், பாஷையூர், நாவாந்துறை முதலிய கரையோரங்களில் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளைத் தென்மோடிக் கூத்துக்களாகப் பாடி ஆடி வந்தனர். மாரியம்மன் கோயில்களைச் சார்ந்து காத்தவராயன் கூத்து நேர்த்திக்கடனாக ஆடப்பெற்றது. மெல்லிய நடையோடு பாடப்படும் சிந்து மெட்டுக்களால் ஆனமையின் அதனைச் சிந்துநடைக் கூத்து என்றும் வழங்குவர். ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் எனக் காத்தவராயன் வேடத்தை ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஏற்பர். தமிழகத்திலிருந்து வந்த இசை நாடக மரபை ஊர்தோறும் கொண்டுசென்றவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து. 1989இல் மறைந்த அவருடைய அரிச்சந்திர மயான காண்டம், படித்தவரையும் படியாதவரையும் ஒரே மணல்வெளியில் இருத்திவைத்த பெருமை வாய்ந்தது.

கூத்துக்குப் புறம்பாக, தொழிலோடு பிறந்த பாடல்களும் இருந்தன. துலாவில் நின்று நீரிறைத்தோர் பாட்டு, அருவி வெட்டுவோர் பாட்டு, வலையிழுப்போர் பாடிய அம்பா, பெண்களின் தாலாட்டு, ஒப்பாரி என அவை பலவாகும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா ஓய்ந்தது. துலாவோடு அதன் பாட்டும் ஓய்ந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மு. இராமலிங்கம் வட இலங்கையின் நாட்டார் பாடல்களையும் ஒப்பாரிகளையும் நூல்களாகத் தொகுத்தார். அவர் காத்தது சொற்களை. சொல்லை ஏற்றிச் சென்ற மெட்டும் மூச்சும் தாளில் தங்குவன அல்ல.

அவற்றைத் தங்கவைக்கும் கருவி வானொலியும் ஒலிநாடாவுமாக வந்தது. கொழும்பு வானொலியின் தமிழ்ச் சேவையில் நாட்டார் பாடல்களுக்கும் இடம் கிடைத்தது. எனினும் கலையகத்தின் கடிகாரம் களரியின் கடிகாரத்தினின்றும் வேறானது. பாடுவோன் ஒருவரி பாட, பிற்பாட்டுக்காரர் அதனை மீட்டும் மீட்டும் பாட, மத்தளம் அடுத்த ஆட்டத்திற்கு வழிவிடும் அமைதியான வளர்ச்சிக்கு அங்கே பொழுதில்லை. இதே காலத்தை ஒட்டி, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப்பிசைப் பாடல்கள் பரவின. யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியும் போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளமும் அவற்றிற் கலந்தன. சின்ன மாமியே என்னும் பாடல் கடல் கடந்தும் ஒலித்தது. அதனை நாட்டார் பாடல் என்று வகுப்போர் சிலர். அன்றென மறுப்போர் சிலர். ஊர்ப்பேச்சு நகரத்து இளைஞனின் கித்தாரில் ஏறிய செய்தியை அது சொல்லுகிறது என்பதில் ஐயமில்லை.

1970களின் பின்னர் ஒலிப்பேழை மலிந்தபோது பதிவு செய்யும் வல்லமை ஊராரிடமே வந்தது. கூத்துப் பாடல்கள் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்கின. அறுபது நிமிட ஒலிப்பேழையின் ஒரு பக்கத்திற்கு முப்பது நிமிடமே உண்டு. ஓரிரவுக் கூத்து அதற்குள் அடங்குமாறில்லை. ஆகையால் இனிய தருக்கள், வீராவேசமான வரவுகள், உருக்கமான புலம்பல்கள் ஆகியன தேர்வாயின. நீண்ட வசனம், கட்டியகாரனின் பகிடி, சபையோரின் குறுக்கீடு ஆகியன உதிர்ந்தன. உறையில் கூத்தின் பெயர் இருக்கும். பாடியவர் யார், மத்தளம் அடித்தவர் யார், எந்த அண்ணாவியாரின் ஏடு, எந்த ஊர்க் களரி என்பன பலவேளை இரா.

இவ்விடைவெளி சிறிதன்று. ஒரு மெட்டு எவருடைய வாயில், எதன் பொருட்டு ஒலித்தது என்பதே அதன் வரலாறாகும். காத்தவராயன் கதையே சாதி கடந்த காதலையும் கழுமரத்தையும் பற்றியது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. தாழ்த்தப்பட்டோரின் அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய கந்தன் கருணை, அம்பலத்தாடிகள் குழுவினரால் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பெற்றது. அம்மன் முன்றலில் நேர்த்திக்காகப் பாடிய மெட்டு, கோயிற் கதவைத் திறக்கக் கேட்கும் மெட்டாகவும் ஆயிற்று. இரண்டையும் ஒரு தொகுப்பில் அருகருகே இட்டு, குறிப்பெதுவும் எழுதாது விட்டால், கேட்போன் செவிக்கு அவை ஒன்றாகவே தோன்றும். ஸ்மித் இனப் பெயரை நீக்கியது வணிகர் எழுப்பிய சுவரை உடைப்பதற்கு உதவிற்று. யாழ்ப்பாணத்தில் ஊரையும் பேரையும் நீக்குவது, மரபைக் காத்து வந்த எளியோரை அம்மரபின் வரலாற்றிலிருந்தே நீக்குவதாக முடியும்.

போர் இவ்விழப்பைப் பன்மடங்காக்கியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; மின்கலங்களுக்கும் தடை இருந்தது. மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலியையும் ஒலிப்பேழைக் கருவியையும் இயக்கினர். சுற்றும் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்தவை மாத்திரம் தென்மராட்சிக்குச் சென்றன. வீட்டு அலுமாரிகளில் இருந்த ஒலிப்பேழைகள் பலவற்றின் கதை அத்துடன் முடிந்தது. தப்பியவற்றுட் சில புலம்பெயர்ந்தோர் பெட்டிகளில் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ நகரங்களை அடைந்தன. அங்கே அத்தகைய பழம்பதிவுகள் இறுவட்டுக்களாக மறுபிறப்பு எடுத்தன. ஊரை இழந்தோருக்கு அவை ஊராகவே ஒலித்தன. அவற்றைக் குறைகூறுதல் எளிது. அவை இல்லாதிருந்தால் எஞ்சியிருக்கக்கூடியது எவ்வளவு என்று எண்ணுவோர் குறைகூறத் தயங்குவர்.

எனினும் நன்றியோடு ஆராய்ச்சியும் சேர்தல் வேண்டும். காந்த நாடா ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் அழியும் இயல்பினது. அதனை எண்ணிம வடிவில் மாற்றுதல் முதற்பணி. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களைப் பேணும் வழியைக் காட்டியுள்ளது. ஆயின் ஒலியை மாற்றுவதோடு பணி முடிந்துவிடாது. அப்பதிவை அண்ணாவிமாரும் பழைய பிற்பாட்டுக்காரரும் மீண்டும் கேட்குமாறு செய்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுதல் அதனினும் அவசரமானது. மறைந்தவர் குரலை இனங்காணத்தக்க செவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. நாடா பத்தாண்டு பொறுத்தாலும் அச்செவிகள் பொறுத்திரா.

இனி வரும் தொகுப்பு எதுவாயினும், ஒவ்வொரு பாட்டின் அருகிலும் பாடியவர் பெயர், அண்ணாவியார் பெயர், ஊர், களரியின் காரணம், இரவின் எந்தச் சாமத்திற் பாடப்பட்டது என்னும் செய்தி ஆகிய ஐந்தும் இடம்பெறல் வேண்டும். பத்துக் கூத்துக்களின் இனிய துண்டுகளோடு, ஒரு கூத்தேனும் வரவு முதல் மங்களம் வரை குறைவின்றிச் சேர்க்கப்படல் வேண்டும். அவலோன் என்னும் ஒரு சொல் ஒரு முதியவரின் வாசலுக்கு வழிகாட்டியது போல, குருநகர் என்றோ, மாவிட்டபுரம் என்றோ உறையில் எழுதப்பட்ட ஒரு பெயர், வருங்காலத்தில் அப்பாட்டைக் கேட்கும் ஓர் இளைஞனை அதற்குரிய ஊருக்கும் மக்களுக்கும் அழைத்துச் செல்லும்.