பாட்டு அதேதான், பதிவு வேறு: ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளுக்குள் இருப்பது என்ன?

ஓர் இசைக்குழுவின் ‘சிறந்த பாடல்கள்’ என்று அட்டையில் அச்சிட்ட இறுவட்டு ஒன்றை வாங்குகிறோம். அல்லது யூடியூப்பில் ஒரு மணிநேரத் தொகுப்பொன்றைத் திறக்கிறோம். பாடல் தெரிந்த பாடல். பாடுபவரும் அவரேதான். ஆனாலும் ஏதோ பொருந்தவில்லை. தாளம் சற்று வேகமாகப் போகிறது, குரல் கனத்திருக்கிறது. கிற்றார் இழைந்த இடத்தில் கீபோர்ட் ஒலிக்கிறது. பாட்டு முடியுமுன்பே கைதட்டல் கேட்கிறது.

நமது காதில் பிழை இல்லை. அந்தத் தொகுப்பில் இருப்பது நாம் முதலில் கேட்ட ஒலிப்பதிவு அல்ல. பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவுசெய்ததாகவோ மேடை நிகழ்ச்சியில் பதிவானதாகவோ அது இருக்கக்கூடும். வீட்டையும் ஊரையும் இழந்து வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. நம்மிடம் எது மிஞ்சியிருக்கிறது, எது தொலைந்துவிட்டது என்ற கணக்கு இதில் அடங்கியிருக்கிறது.

மூன்று வகைப் பதிவுகள்

பழைய பாடல் தொகுப்புகளில் மூன்று வகைப் பதிவுகள் கலந்திருக்கும். முதலாவது மூலப்பதிவு. பாடல் முதன்முதலில் வெளியானபோது கலையகத்தில் பதிவானது இது. இரண்டாவது மீள்பதிவு. அதே பாடகர் அல்லது அதே குழு, ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வேறு வாத்தியக் கலைஞர்களோடு மறுபடி பதிவுசெய்தது. மூன்றாவது மேடைப்பதிவு. நேரடி நிகழ்ச்சியில் சனங்களின் ஆரவாரத்தோடு பதிவானது.

அட்டையில் ‘அசல் கலைஞர்கள்’ என்று போட்டிருந்தால் பலர் அதை மூலப்பதிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் கலைஞரைப் பற்றியது மட்டுமே. பாடியவர் அசலானவர் என்று அது சொல்கிறது. பதிவு அசலானது என்று சொல்லவில்லை.

இரத்தினபுரியில் பிறந்த குழு

இலங்கைப் பொப் இசை வரலாற்றில் சப்ரகமுவவுக்குத் தனி இடம் உண்டு. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் சேர்ந்து 1960களின் நடுப்பகுதியில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவைத் தொடங்கியது இரத்தினபுரியில்தான். மாணிக்க நகரத்தில் பிறந்த குழுவுக்குச் சந்திரகாந்தக் கல்லின் பெயர். பின்னர் இந்திராணி பெரேராவின் குரலும் சேர்ந்தது. சிங்களப் பாடலுக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவராகக் கிளாரன்ஸ் மதிக்கப்படுகிறார். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் விஜய கொரேயா போன்றோரின் ஆதரவு அவர்களை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது.

அப்போது பாடல்கள் வெளியானது சிறிய இசைத்தட்டுகளில். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்கள் கொண்ட தட்டுகள் வழக்கத்தில் இருந்தன. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ நிறுவனம் அந்தக் காலத்துப் பொப் குழுக்கள் பலவற்றின் தட்டுகளை வெளியிட்டது. ‘சூரியா ஷோ’ என்ற பெயரில் மேடை நிகழ்ச்சிகளையும் நடத்தியது. கிளாரன்ஸ் பின்னர் மூன்ஸ்டோன்ஸை விட்டுப் பிரிந்து ‘கோல்டன் சைம்ஸ்’ குழுவை அமைத்தார். அதன்பின் அன்னஸ்லியோடு மறுபடி இணைந்து ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ என்ற பெயரில் பாடினார். 1996 டிசம்பரில் அவர் காலமானார்.

குழுக்கள் இப்படிப் பிரிந்தும் சேர்ந்தும் பெயர் மாறியும் போகும்போது, ஒரே பாடல் பல பெயர்களின் கீழ், பல ஆண்டுகளில், பல ஒலிகளில் வந்து சேர்கிறது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு கசெட் ரெக்கோடர்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. இசைத்தட்டு ஓரங்கட்டப்பட்டது. பழைய பாடல்களைப் புதிய வாத்தியங்களோடு கசெட்டுக்காக மறுபடி பாடுவது வழக்கமாயிற்று. இன்று நடுத்தர வயதில் இருக்கும் பலர் ‘பழைய பாட்டு’ என்று நினைவில் வைத்திருப்பது அந்தக் கசெட் காலத்துப் பதிவையே.

தமிழ்ப் பொப் பாடல்களின் கதை

தமிழிலும் இதுவே நடந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை வானொலி வழியாக யாழ்ப்பாணத்து முற்றங்களுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. ‘சுராங்கனி’ கடல் கடந்து 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் வேறு குரல்களில் ஒலித்தது. மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போய்ப் படங்களில் நடித்தார், மேடைகளில் பாடினார். 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தார். இன்று ‘சுராங்கனி’ என்று தேடினால் வானொலிக் காலத்துப் பதிவு, படத்துப் பதிவு, மேடைப்பதிவு, பிறர் பாடியவை எல்லாம் ஒன்றாக வந்து விழும். எது எந்த ஆண்டுக்குரியது என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது.

ஏன் மறுபடி பாடுகிறார்கள்?

முதற்காரணம் உரிமை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உள்ளன. வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை அவற்றை ஆக்கியவர்களிடமிருந்து தொடங்குகிறது. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் அதற்குப் பணம் போட்ட நிறுவனத்திடம் இருக்கிறது. 2017இல் இளையராஜா தமது பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது எழுந்த விவாதம் முதல் வகை உரிமை பற்றியது. மீள்பதிவு இரண்டாவது வகை உரிமையிலிருந்து விலகிப்போகும் வழி. மெட்டுக்கும் வரிக்கும் உரியவரின் அனுமதி இருந்தால், பழைய பதிவின் சொந்தக்காரரைக் கேட்காமலே புதிய பதிவை உருவாக்கலாம்.

அமெரிக்காவின் எவர்லி சகோதரர்கள் 1960இல் கேடன்ஸ் நிறுவனத்தை விட்டு வார்னர் நிறுவனத்துக்கு மாறினார்கள். பழைய வெற்றிப் பாடல்களின் பதிவுகள் கேடன்ஸிடம் நின்றுவிட்டன. 1964இல் அதே பாடல்களை வார்னருக்காக மறுபடி பாடிச் ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பாக வெளியிட்டார்கள். பிரித்தானிய ரொக் குழுவான டெஃப் லெப்பர்ட், இணைய விற்பனையில் கிடைக்கும் பங்கு தொடர்பாகத் தமது நிறுவனத்தோடு முரண்பட்டு, 2012இல் பழைய வெற்றிப் பாடல்கள் சிலவற்றை மூலத்தைப் போலவே ஒலிக்கும்படி மறுபதிவு செய்தது. ரெய்லர் ஸ்விஃப்ட் தமது ஆரம்ப காலப் பதிவுகள் 2019இல் வேறொருவர் கைக்குப் போனபின், 2021 முதல் அந்தத் தொகுப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி பாடி வெளியிட்டார். இதை முன்கூட்டியே தடுக்கத்தான், குறிப்பிட்ட காலத்துக்கு அதே பாடலை வேறிடத்தில் பதிவுசெய்யக் கூடாது என்ற நிபந்தனையை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கின்றன.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவருக்கு வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. பாடியவர், வாசித்தவர், பதிவைத் தயாரித்தவர் ஆகியோருக்கான பாதுகாப்பு 50 ஆண்டுகள். மெட்டின் உரிமை பேரப்பிள்ளைகள் காலம் வரை நீளலாம். அதைப் பாடிய குரலுக்கான உரிமையோ பாடியவர் உயிரோடிருக்கும்போதே முடிந்துபோகலாம். மூத்த பாடகர்கள் பலர் தமது பழைய பாட்டைத் தாமே மறுபடி பாடி விற்க வேண்டியிருப்பதன் பின்னணியில் இதுவும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நியாயமில்லை. தொகுப்பின் அட்டை உண்மையைச் சொல்லவேண்டும் என்பதே கேட்பவரின் உரிமை.

இரண்டாவது காரணம், மூலப்பதிவே கிடைக்காமற் போவது. நாடாக்கள் பூஞ்சணம் பிடிக்கும், தட்டுகள் கீறும், கலையகங்கள் மூடப்படும். நமது விடயத்தில் தீயும் சேர்ந்தது.

தோட்டங்களில் தொலைந்தவை

1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழர் மீது வன்முறை அவிழ்த்துவிடப்பட்டது. அதற்கு முன் 1977, பின்னர் 1983. இந்த மூன்று அலைகளிலும் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறின. மூன்று தசாப்தங்கள் கழித்து அதே குடும்பங்கள் இறுதிப் போரிலும் அகப்பட்டு, இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டு ஓடின. உடுத்த துணியோடு ஓடியவர்கள் கசெட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

வடக்கில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் ரேப்பும் கேட்ட தலைமுறை ஒன்று உண்டு. அப்படிக் கேட்ட கசெட்டுகளில் மிகச் சிலவே மிஞ்சின. அதனால் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பிற்காலத்து மீள்பதிவுகளும் புலம்பெயர் மேடைகளில் பதிவானவையும்தான்.

தோட்டங்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. மூன்ஸ்டோன்ஸ் பாடல்களுக்கு மூலப்பதிவு என்று ஒன்றாவது இருந்தது. எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டையிலும் பலாங்கொடையிலும் தப்படித்து ஆடிய காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றுக்குக் கலையகம் ஏது? சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் தொகுத்ததால் தோட்டப் பாடல்கள் பலவற்றின் சொற்கள் காகிதத்தில் தங்கின. ஆனால் புத்தகம் குரலைத் தராது. எந்தத் தோட்டத்தில் எந்த இழுப்பில் பாடினார்கள், தப்பு எங்கே தாளம் மாறியது என்பதெல்லாம் திருவிழா இரவில் யாரோ ஒருவர் கசெட்டில் பிடித்துவைத்தால்தான் உண்டு. ரொக் குழுவின் தொகுப்பில் மேடைப்பதிவு மூலத்துக்குப் பின் வரும் உபரி. கூத்துக்கு மேடைப்பதிவே மூலம். இரைச்சலும் இருமலும் குழந்தையின் அழுகையும் கலந்த அந்தப் பழைய கசெட்டுக்கு ஈடாக எந்தக் கலையகத்து மீள்பதிவும் வராது.

எப்படி அடையாளம் காண்பது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். இறுவட்டு அட்டையில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தோடு வரும் ஆண்டு ஒலிப்பதிவுக்குரியது. ‘சி’ எழுத்தோடு வருவது பொதுவாக அட்டை, அச்சு ஆகியவற்றுக்குரியது. 1960களின் பாட்டுக்கு ‘பி’ எழுத்தோடு 1990களின் ஆண்டு இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் தொகுப்பு வெளியான ஆண்டையே அங்கே போடுவோரும் உண்டு என்பதால் காதையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

பாடலின் நீளத்தை ஒப்பிடுங்கள். சில நொடிகள் வேறுபட்டால் நாடாவின் வேகம் காரணமாக இருக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அது வேறு பதிவாகவோ வெட்டப்பட்டதாகவோ இருக்கலாம். டிரம் இயந்திரத்தின் மாறாத தட்டல், மெருகேறிய கீபோர்ட், முதிர்ந்த குரல், தாழ்த்திய சுருதி ஆகியவை மீள்பதிவின் அடையாளங்கள். கைதட்டல் கேட்டால் மேடைப்பதிவு என்று முடிவுகட்டவும் வேண்டாம். ‘கிஸ்’ குழுவின் புகழ்பெற்ற 1975ஆம் ஆண்டு மேடைத் தொகுப்பிலேயே பல பகுதிகள் பின்னர் கலையகத்தில் திருத்திச் சேர்க்கப்பட்டவை.

கையில் இருப்பதைக் காப்பாற்ற

வீட்டில் பழைய கசெட் இருந்தால் முதலில் அதன் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. பல ஆண்டுகள் ஓடாத நாடாவை உடனே கேட்க முயலாமல், நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில் ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிடுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் சுற்றவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். இரத்தினபுரி போன்ற ஈரமான ஊர்களில் இது சாதாரணம். கணினிக்கு மாற்றும்போது ‘வேவ்’ வடிவில் ஒரு பிரதியை எந்தத் திருத்தமும் செய்யாமல் வையுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் இரண்டாவது பிரதியில்.

எல்லாவற்றையும்விட முக்கியம் குறிப்பு எழுதுவது. யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன நிகழ்வு, யாரிடமிருந்து கிடைத்தது. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் ‘மூத்த மகள் பிறந்த வருடம்’ என்றாவது எழுதுங்கள். இலங்கைத் தமிழர் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேகரிக்கிறது. ஒரு பிரதியை அங்கே கொடுத்தால் அடுத்த வெள்ளத்திலோ இடப்பெயர்விலோ அது அழியாது.

பாட்டைத் திருப்பிப் பாடலாம். பாடியவரின் அந்த வயதுக் குரலும், கூத்து நடந்த இரவில் சுற்றி நின்ற சனங்களின் சத்தமும் ஒரே ஒருமுறைதான் பதிவாகும். லயத்து அலுமாரியிலோ, வன்னியில் ஒரு ரங்குப் பெட்டியிலோ, ரொறன்ரோவின் நிலக்கீழ் அறையிலோ அப்படியொரு கசெட் கிடந்தால், அதன் பிரதி வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.