ஜில்லெட் மறுபடியும் பழைய ஷேவிங் செட்டுக்கு வருமா?

தலைப்பைப் பார்த்ததும் "இன்னிக்கு நமக்கு பிளேடு போடப் போறான்"னு ஓடத் தயாராகிற மக்களே, கொஞ்சம் நில்லுங்க. இது நிஜமாவே பிளேடு பத்தின பதிவுதான் :-)

ரெண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடு, அதை நடுவுல வெச்சுத் திருகுற உலோக ரேஸர். நம்ம அப்பாக்கள் 'ஷேவிங் செட்'னு சொல்ற அதே சாமான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதுக்கு ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. பெரிய கம்பெனிகள் இதை மறுபடியும் தயாரிக்குமாங்கறது அவங்க ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்த கேள்வி. பதில் 2020ல் வந்தாச்சு: ஜில்லெட் தயாரிச்சிடுச்சு. ஆனா இதில் சுவாரசியமான விஷயம் அது இல்லை. அதை ஏன் கைவிட்டாங்க, கைவிட்டதை ஏன் இவ்வளவு தயங்கித் தயங்கித் திரும்ப எடுத்தாங்க என்பதுதான் கதை. அதுக்கு நாம 1895க்குப் போகணும்.

கிங் கேம்ப் ஜில்லெட் அப்போ ஒரு விற்பனைப் பிரதிநிதி, வயசு 40. சோடா பாட்டில் மூடி விற்கிற கம்பெனியில் வேலை. அந்த மூடியைக் கண்டுபிடிச்ச வில்லியம் பெயின்டர் இவருக்கு ஒரு யோசனை சொன்னாராம்: ஒரு தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடற மாதிரி ஏதாவது கண்டுபிடி, ஜனங்க திரும்பத் திரும்ப வாங்குவாங்க. ஒரு நாள் காலையில் மழுங்கிப் போன சவரக்கத்தியைக் கையில் வெச்சுக்கிட்டு இருந்தபோது, தீட்டவே வேண்டாத தகடு பிளேடு அவர் மனசுல உதிச்சிருக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அதுக்கு முந்தின வருஷம் 1894ல், தொழில் போட்டியே ஒழியணும், எல்லா உற்பத்தியும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்தின் கீழ் வரணும்னு ஒரு புத்தகம் எழுதியவரும் இவரேதான். நயாகரா அருவி மின்சாரத்தில் ஓடற ஒரே மாநகரத்தில் எல்லாரும் வாழணும்னு கனவு கண்ட மனுஷன், உலகத்தின் பெரிய முதலாளிகளில் ஒருத்தரா ஆனார்!

யோசனை சுலபம், செய்யறது கஷ்டம். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினமாக்கி, கூர் தீட்டி, மலிவாகவும் தயாரிக்கணும். இந்த சிக்கலைத் தீர்த்தவர் எம்.ஐ.டி.யில் படிச்ச வில்லியம் நிக்கர்சன். வழக்கம்போல பேர் ஒருத்தருக்கு, ராத்திரி கண் முழிச்சது இன்னொருத்தர். (நம்ம ஐ.டி. மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) 1903ல் விற்பனை ஆரம்பம். அந்த வருஷம் போனது மொத்தமே 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90 ஆயிரத்துக்கும் மேல ரேஸர். 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைச்சது.

இப்போ ஒரு பிரபலமான கதையைப் பார்ப்போம். 'ரேஸரை சும்மா கொடு, பிளேடில் சம்பாதி' என்பதை ஜில்லெட்தான் ஆரம்பிச்சார்னு மேனேஜ்மென்ட் வகுப்பில் எல்லாம் சொல்லிக் கொடுப்பாங்க. பிரிண்டரை மலிவா கொடுத்து மையில் காசு பார்க்கிறதுக்கும் இதைத்தான் உதாரணமா காட்டுவாங்க. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் பழைய விலைப்பட்டியல்களைத் தோண்டிப் பார்த்து, கதை அப்படி இல்லைன்னு காட்டியிருக்கார். காப்புரிமை கையில் இருந்த 17 வருஷமும் ஜில்லெட் ரேஸர் விலை 5 டாலர். அன்னிக்கு ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் அது பெரிய பங்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு சுமார் 35 லட்சம் ரேஸர் போனதும் இந்தக் காலத்தில்தான்.

1921ல் காப்புரிமை முடிஞ்சது. அப்புறம்தான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினாங்க. அன்னிக்கு இன்னொண்ணும் நடந்தது. அந்த பிளேடு வடிவம் யாருக்கும் சொந்தமில்லாமல் போச்சு. யார் வேணும்னாலும் ஜில்லெட் ரேஸரில் பொருந்தற பிளேடைச் செய்யலாம். நம்ம பாஷையில் சொன்னா, ஒரு கம்பெனியின் சொந்த ஃபார்மேட் ஓப்பன் ஸ்டாண்டர்டாக மாறிடுச்சு.

ஜில்லெட் சும்மா இருக்கலை. 1930ல் புது வடிவ பிளேடு, புது ரேஸர்னு காப்புரிமையைப் புதுப்பிக்கப் பார்த்தாங்க. ஹென்றி கெய்ஸ்மன் என்கிற போட்டியாளர் முந்திக்கிட்டார். அவர் பிளேடு ஜில்லெட் ரேஸரில் பொருந்தும், ஜில்லெட் பிளேடு அவர் ரேஸரில் பொருந்தாது. என்ன மூளை பாருங்க! வழக்கு, சண்டை, கடைசியில் ரெண்டு கம்பெனியும் இணைஞ்சது. இணையும்போது கணக்கைப் புரட்டிப் பார்த்தா, ஜில்லெட் அஞ்சு வருஷமா லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது தெரிஞ்சுது. கம்பெனியின் பிடி கெய்ஸ்மன் கைக்குப் போச்சு. முதலில் பிளேடில் மூணு வட்ட ஓட்டைதான் இருந்தது. இன்னிக்கு நாம பார்க்கிற நீள வெட்டு அந்த சண்டையோட மிச்சம்.

அடுத்த அடி 1962ல். இங்கிலாந்தில் வாள் செய்துகிட்டு இருந்த வில்கின்சன் ஸ்வோர்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடோட அமெரிக்காவுக்கு வந்தாங்க. கார்பன் ஸ்டீல் பிளேடைவிடப் பல நாள் அதிகமா உழைக்கும். ஜில்லெட்டின் சந்தைப் பங்கு சுமார் 70 சதவீதத்திலிருந்து 55க்கு விழுந்தது. கவனிங்க: வாடிக்கையாளர் யாரும் ரேஸரை மாத்தலை. வீட்டில் இருந்த அதே ஜில்லெட் ரேஸரில் வேறொருத்தன் பிளேடைப் போட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அடுத்து வந்தது 1971ல் டிராக் டூ. ரெண்டு பிளேடை பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அடைச்ச கார்ட்ரிட்ஜ். முதல் பிளேடு முடியை இழுக்கும், அது உள்ள போறதுக்குள்ள ரெண்டாவது வெட்டும்னு விளக்கம் கொடுத்தாங்க. அதில் விஷயம் இருக்கலாம். முகத்தை வெட்டிக்கிற பயமும் குறைவு, அதையும் ஒத்துக்கணும். ஆனா வியாபாரத்துக்கு முக்கியமானது அந்தக் கூடும் கைப்பிடியும் சேர்ற இடம். அங்கே மறுபடியும் காப்புரிமை வந்துடுச்சு. 1975ல் அமெரிக்க டி.வி.யில் மூணு பிளேடு ரேஸர்னு ஒரு கிண்டல் விளம்பரம் போட்டாங்க. 1998ல் சுமார் 75 கோடி டாலர் செலவழிச்சு ஜில்லெட் அதை நிஜமாவே கொண்டு வந்தது. 2006ல் அஞ்சு பிளேடு. அமெரிக்காவில் பழைய உலோக ரேஸர் தயாரிப்பு 1980களின் கடைசியிலேயே முடிஞ்சு போச்சு.

இந்தியாவில் கதை வேற. இங்கே அந்த பிளேடு போகவே இல்லை. கொல்கத்தா மல்ஹோத்ரா குடும்பத்தின் டோபாஸ், பாரத், அசோக் பெட்டிக்கடை வரைக்கும் இருந்தது. ஜில்லெட்டே இங்கே செவன் ஓ கிளாக் வித்தது. சலூனில் பிளேடைப் பாதியா ஒடிச்சு, கண் முன்னாடி புதுசா மாட்டறது இன்னிக்கும் நடக்குது. பென்சில் சீவ, தையல் பிரிக்க, நகம் வெட்ட எல்லாத்துக்கும் அதே பிளேடுதான்.

ஜில்லெட்டை 2005ல் வாங்கின பி அண்ட் ஜி, இந்தியாவில் இதை மாத்த முயற்சி எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 2002ல் ஜில்லெட் ஒரு ரேஸரை எம்.ஐ.டி.யில் படிக்கிற இந்திய மாணவர்களை வெச்சு சோதிச்சுட்டு இங்கே கொண்டு வந்து சொதப்பியிருந்தது. அந்தப் பசங்களுக்குக் குழாய்த் தண்ணி இருந்தது. இங்கே ஒரு குவளைத் தண்ணியில் ஷேவ் பண்றவங்க ரேஸரில் முடி அடைச்சுக்கிச்சு. அடுத்த தடவை வீடு வீடா வந்து, தரையில் உட்கார்ந்து கைக்கண்ணாடி பார்த்து எப்படி ஷேவ் பண்றாங்கன்னு கவனிச்சாங்க. 2010ல் ஜில்லெட் கார்டு வந்தது. ரேஸர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். உள்ள எத்தனை பிளேடு? ஒண்ணே ஒண்ணு. 2013 வாக்கில் இந்தியாவில் விற்ற மூணு ரேஸரில் ரெண்டு அதுதான்.

யோசிச்சுப் பாருங்க. ஒத்தை பிளேடு போதும்னு கம்பெனிக்கே தெரியும். அதை யாரும் நகலெடுக்கக் கூடிய பழைய தகடா விற்காமல், தன்னோட கூட்டுக்குள்ள வெச்சு விற்கணும். கார்டு நல்ல தயாரிப்புதான், வெட்டுக்காயம் குறைஞ்சது உண்மை. ஆனா வாங்கறவனுக்குக் கடை மாறி வாங்கற சுதந்திரம் போச்சு.

அமெரிக்காவில் இதுக்கு எதிர்வினை வந்தது. 2012ல் டாலர் ஷேவ் கிளப், அப்புறம் ஹாரிஸ். கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்து வெறுத்துப் போனவங்க கூட்டமா கிளம்பினாங்க. 2017ல் ஜில்லெட் விலையைக் குறைச்சது. 2019ல் ஜில்லெட்டின் மதிப்பில் பி அண்ட் ஜி 800 கோடி டாலரைக் கழிச்சு எழுதியது. இதுக்குப் பிறகுதான் 2020ல் நிறுவனர் பேரிலேயே 'கிங் சி. ஜில்லெட்' வரிசை. அதில் தாடி எண்ணெய், டிரிம்மரோட ஒரு ஓரத்தில் நம்ம பழைய ஷேவிங் செட்.

என் கணிப்பு இதுதான்: ஷேவிங் செட் அந்த ஓரத்திலேயேதான் இருக்கும். கைப்பிடியைத் திரும்பக் கொண்டு வரலாம், அழகா பாலிஷ் போடலாம், பாரம்பரியம்னு விளம்பரமும் பண்ணலாம். 1921ல் போன பூட்டைத் திரும்ப மாட்ட முடியாது. அந்த ரேஸரை வாங்கறவர் அடுத்த மாசமே பாரத் பிளேடு போட்டுக்கலாம். நல்லா உழைக்கிற, யார் வேணும்னாலும் உதிரி செய்யக்கூடிய ஒரு பொருளை எந்தப் பெரிய கம்பெனியும் முன் தட்டில் வைக்காது. நூறு வருஷம் கழிச்சும் அது நம்ம பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்குதுன்னா, அதுக்குக் காரணமும் அதே திறந்த பூட்டுதான்.

உங்க வீட்டில் எது? டோபாஸா, அசோக்கா, செவன் ஓ கிளாக்கா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.