மன்னிப்புக் கடிதத்தின் பாடபேதங்கள்: சந்தை / பேச்சு / தண்டனை

1

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் எனக்கு உருப்படியாகக் கற்றுத்தரப்பட்ட ஒரே வித்தை பாடபேதம் பார்ப்பது. ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். எது மூலம் என்று தேடு என்றார்கள். மூலம் என்று ஒன்று இல்லாமலே போகலாம், இரண்டு பாடங்களும் இரண்டு வேறு கூட்டத்துக்காகவே எழுதப்பட்டிருக்கலாம் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. அதை எனக்கு உணர்த்தியது எந்தச் சுவடியும் அல்ல. 2019 அக்டோபரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வெளியிட்ட ஓர் அறிக்கை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 4ஆம் தேதி, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி ட்விட்டரில் ஒரு படம் போட்டார். சுதந்திரத்துக்காகப் போராடுவோம், ஹாங்காங்கோடு நிற்போம் என்பதுதான் அதிலிருந்த செய்தி. கொஞ்ச நேரத்தில் அழித்தும் விட்டார். ட்விட்டர் சீனாவில் தடைசெய்யப்பட்ட ஒன்று. ஆக, சீனக் குடிமக்களில் பெரும்பாலோர் நேரடியாகப் படிக்கவே முடியாத ஓர் இடத்தில், அவர்களுடைய மொழியல்லாத மொழியில் சொல்லப்பட்ட ஒரே வரி. அது போதுமானதாக இருந்தது. அணியின் முதலாளி டில்மன் ஃபெர்டிட்டா, மோரி பேசுவது அணியின் பேச்சல்ல என்று அவசரமாக அறிவித்தார். சீனக் கூடைப்பந்துச் சங்கம் ராக்கெட்ஸோடு உறவை நிறுத்திவைத்தது. அப்போது அதன் தலைவர் யாவ் மிங், 2002இலிருந்து 2011 வரை அதே ராக்கெட்ஸ் அணிக்கு ஆடியவர்! அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவி ஒளிபரப்பை நிறுத்தியது. டென்சென்ட்டும் பின்வாங்கியது. (அந்த நிறுவனம் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைக்கு 150 கோடி டாலர் தருவதாக அந்த ஆண்டுதான் செய்தி வந்திருந்தது.) அணியின் நட்சத்திர வீரர் ஜேம்ஸ் ஹார்டன் டோக்கியோவில் வைத்து மன்னிப்புக் கேட்டார்.

இப்போது அறிக்கைக்கு வருவோம். ஆங்கிலப் பாடம், மோரியின் கருத்து சீனாவிலுள்ள நண்பர்களையும் ரசிகர்களையும் ஆழமாகப் புண்படுத்தியதை உணர்வதாகவும், அது வருந்தத்தக்கது என்றும் சொல்கிறது. 'அது' என்றால் எது? கருத்தா, புண்பட்டதா? சுட்டுப்பெயரை நடுவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அமெரிக்க வாசகன் ஒருவிதமாகவும் மற்றவன் வேறுவிதமாகவும் பிடித்துக்கொள்ளலாம். வெய்போ தளத்தில் வந்த சீனப் பாடத்தில் இந்தத் தொங்கல் இல்லை. மோரியின் பொருத்தமற்ற பேச்சால் மிகவும் ஏமாற்றமடைந்தோம் என்று அது நேராகவே பேசுகிறது. முரண்பாடு எழுந்ததும் ஆங்கிலத்தில் உள்ளதே அதிகாரபூர்வமானது என்றார்கள். அக்டோபர் 8ஆம் தேதி லீக்கின் ஆணையர் ஆடம் சில்வர், வீரர்களும் ஊழியர்களும் முதலாளிகளும் பேசுவதைத் தாங்கள் கட்டுப்படுத்த முடியாது என்று மூன்றாவது பாடம் ஒன்றைப் படித்தார். சில நாளைக்குள் மூன்று பாடம். உ.வே.சா. இருந்திருந்தால் அடிக்குறிப்புப் போட்டே களைத்திருப்பார்.

இந்த மூன்றில் எது பொய் என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனம். மூன்றுமே மெய், தத்தம் சந்தையில். 'நிறுவனம்' என்கிற தன்னிலைக்குள் ஒரே குரல் இருந்தாக வேண்டும் என்று நாம்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2

சீனா பணக்கார நாடான பிறகு முளைத்த புது வியாதி போல இதை எழுதுகிறவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எண்பத்தொன்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1930 டிசம்பர், பெர்லின். எரிக் மரியா ரெமார்க்கின் போர் எதிர்ப்பு நாவலை யூனிவர்சல் நிறுவனம் படமாக்கியிருந்தது: 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நோலண்டார்ஃப் சதுக்கத்திலிருந்த மொசார்ட்ஸால் அரங்கில் படம் ஓடும்போது கோயபல்ஸின் தலைமையில் நாஜிகள் உள்ளே புகுந்து நாற்றக் குண்டு வீசினார்கள், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். நாஜிகள் அப்போது ஆட்சியில் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். டிசம்பர் 11ஆம் தேதி உயர் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. ஜெர்மனியின் கௌரவத்துக்கு ஆபத்தாம். எலி விட்டவன் வெளியே திரிந்தான், படம் காட்டியவன் குற்றவாளியானான்.

யூனிவர்சலின் அதிபர் கார்ல் லெம்லே ஜெர்மனியின் லௌப்ஹைம் ஊரில் பிறந்த யூதர். 1931இல் படம் மறுபடியும் அனுமதிக்கப்பட்டது, ஒரு நிபந்தனையோடு: ஜெர்மானியர் வெட்டச் சொன்ன இடங்களை உலகம் முழுக்க வெட்ட வேண்டும். லெம்லே ஒத்துக்கொண்டார். 1933இல் நாஜி ஆட்சி வந்ததும் அந்த வெட்டிய படத்தையும் தடைசெய்தார்கள். விட்டுக்கொடுத்தது வாங்கித் தந்தது அவ்வளவுதான். பின்னாளில் இதே லெம்லே லௌப்ஹைமிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான யூதர்கள் தப்பி வருவதற்குப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார், 1939இல் செத்துப்போனார். இந்தக் கையெழுத்தையும் அந்தக் கையெழுத்தையும் ஒரே கைதான் போட்டது. 'துரோகி' என்றோ 'தியாகி' என்றோ ஒரு பெயரில் அவரை அடைக்க முடியாது.

3

என்னைக் கேட்டால், வெட்டை விட முக்கியமானது அந்த நிபந்தனை. தன் எல்லைக்குள் ஒரு படத்தைத் தடுப்பது எந்த அரசும் செய்கிற காரியம். எல்லைக்கு வெளியே, வேறொரு நாட்டுக்காரன் பார்க்கிற படத்தையும் தானே வெட்டுவது புதுசு. 1932இல் வெளிநாட்டுப் படங்களுக்கான ஜெர்மன் விதிகளில் 15ஆம் பிரிவு இதைச் சட்டமாகவே ஆக்கியது. உலகத்தின் எந்த மூலையிலாவது ஜெர்மனியின் மதிப்பைக் கெடுக்கும் படம் வெளியிடும் நிறுவனத்துக்கு ஜெர்மனியில் அனுமதி மறுக்கலாம். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். ஆக, இந்தக் கண்ணியைச் செய்துவைத்தது சர்வாதிகாரி அல்ல, குடியரசு. சர்வாதிகாரி வந்து எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

1933இலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸில் துணைத் தூதராக இருந்த கியோர்க் கிஸ்லிங் ஹாலிவுட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இந்தப் பிரிவைச் செயல்படுத்தினார். அந்த ஆண்டு ஹெர்மன் மான்கீவிட்ஸ் எழுதிய ஹிட்லர் எதிர்ப்புத் திரைக்கதை ஒன்று படமாகவே இல்லை. 1937இல் 'தி ரோட் பேக்' தயாரானபோது கிஸ்லிங் இன்னொரு படி போனார். நிறுவனத்துக்கு எழுதுவதோடு நிற்காமல் படத்தில் நடித்தவர்களுக்கே தனித்தனியாகக் கடிதம் அனுப்பினார்: இதில் நீ நடித்தால் நீ நடிக்கும் மற்றப் படங்களுக்கும் ஜெர்மனியில் இடமில்லை. விஷயம் அமெரிக்க வெளியுறவுத்துறை வரை போக, ஜெர்மனி அந்த உத்தியைக் கைவிட்டது. படமோ வெட்டுப்பட்டுத்தான் வெளிவந்தது.

கவனியுங்கள், தண்டனை நிறுவனத்தைத் தாண்டித் தனி உடலைத் தேடி வருகிறது. வில்லன் வேஷம் போட்ட துணைநடிகன் வரைக்கும் வருகிறது.

வார்னர் பிரதர்ஸ் 1934இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. 1939இல் நாஜி உளவாளிகளைப் பற்றி வெளிப்படையாகப் படமும் எடுத்தது. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், ஃபாக்ஸ் மூன்றும் 1940 வரை அங்கே கடை விரித்திருந்தன. 2013இல் பென் உர்வாண்ட் இந்த வரலாற்றைக் 'கூட்டுச்சேர்தல்' என்ற பெயரில் எழுதினார். அதே ஆண்டு நூல் வெளியிட்ட தாமஸ் டொஹெர்ட்டி, பின்னால் தெரிந்த படுகொலையை முன்னால் கொண்டுபோய் வைத்து வியாபாரிகளை அளக்கக் கூடாது என்றார். எனக்கு இரண்டு பேரிடமும் பிரச்சினை உண்டு. உர்வாண்ட் எல்லாவற்றையும் நோக்கமாக்கிவிடுகிறார். டொஹெர்ட்டியின் நியாயத்தை இழுத்தால் யாருக்குமே பொறுப்பில்லை என்றாகிவிடும். மேலும், பிற நாடுகளையும் அவற்றின் பிரமுகர்களையும் நியாயமாகக் காட்ட வேண்டும் என்ற விதியை ஹாலிவுட் 1930இலேயே தன் சொந்தத் தணிக்கை நெறிகளில் எழுதிவைத்திருந்தது. கிஸ்லிங் கதவை உடைக்கவில்லை. கதவில் ஏற்கனவே சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

4

மறுபடியும் 2019. ஆகஸ்ட் 5ஆம் தேதி ஹாங்காங்கில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் விமானத்துறை ஊழியர்களும் கலந்துகொண்டார்கள். கேதே பசிபிக் விமான நிறுவனத்தின் தலைவர் ஜான் ஸ்லோசர், ஊழியர்கள் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்ல நாங்கள் கனவிலும் எண்ணமாட்டோம் என்ற பொருளில் பேசினார். இரண்டே நாள். போராட்டத்தை ஆதரித்த ஊழியர் எவரும் சீனாவுக்குப் போகும் விமானத்தில் இருக்கக் கூடாது, பணியாளர் பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று சீன விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 16ஆம் தேதி தலைமை நிர்வாகி ரூபர்ட் ஹாக் பதவி விலகினார். கொஞ்ச நாளில் ஸ்லோசரும் போனார். அவர்களுக்கு ஓய்வும் வேறு நாற்காலியும் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக வேலையிழந்த பணிப்பெண்களுக்கும் விமானிகளுக்கும் என்ன உண்டு? கனவிலும் எண்ணமாட்டோம் என்றவர்களின் நிறுவனம் விழித்துக்கொண்டே செய்த காரியம் இது.

அக்டோபர் 6ஆம் தேதி 'பிளிட்ஸ்சுங்' என்ற பெயரில் ஆடும் ஹாங்காங் இளைஞர் ஒருவர், பிளிஸார்ட் நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் கணினி விளையாட்டுப் போட்டி முடிந்து நேரலையில் பேசும்போது, முகமூடி அணிந்து ஹாங்காங்கை விடுவிப்போம் என்று முழங்கினார். நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுப் பணத்தையும் பிடித்துக்கொண்டது. பேட்டி எடுத்துக்கொண்டிருந்த வர்ணனையாளர்கள் இருவரையும் நீக்கியது. அவர்கள் முழங்கவில்லை, மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள், அதற்கே அப்படி! கலிபோர்னியாவில் அந்த நிறுவன வாசலில் ஒரு சிலை. அதைச் சுற்றிப் பித்தளைப் பட்டயங்களில் நிறுவனத்தின் கொள்கை வாசகங்கள். அவற்றில் 'ஒவ்வொரு குரலும் முக்கியம்', 'உலகளாவச் சிந்தி' என்ற இரண்டை ஊழியர்கள் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். சிலர் குடை பிடித்து நின்றார்கள். ஆட்டக்காரர்களும் திரண்டெழ, சில நாளில் தடை ஆறு மாதமானது, பரிசுப் பணம் திரும்பியது, நவம்பரில் தலைவர் ஜே. ஆலன் பிராக் மேடையேறி வருத்தம் தெரிவித்தார். முழுத் தண்டனையையும் ரத்து செய்யவில்லை.

இந்தக் காகிதம் ஒட்டிய காரியம் எனக்கு மிக நெருக்கமானது. நிறுவனங்களின் கொள்கை வாசகங்கள் நம்முடைய மெய்க்கீர்த்தி போன்றவை. மெய்க்கீர்த்தியை நம்பி யாரும் வரி கட்டுவதில்லை. அது கல்லில் இருக்கும், அவ்வளவுதான். ஊழியர்கள் அந்தப் பிரதியை எதிர்த்து வேறு பிரதி எழுதவில்லை. இருக்கிற பிரதியைப் படிக்க முடியாமல் ஆக்கினார்கள். அதனாலேயே எல்லாரும் படித்தார்கள்.

5

உள்நாட்டு எதிர்ப்பு என்று ஒன்று எழுந்ததே, அது சுத்தமானதா? டெட் குரூஸும் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்.பி.ஏ.வைக் கண்டித்தார்கள். எலியும் பூனையும் ஒரே பந்தியில்! நல்லதுதான். ஆனால் அமெரிக்க அரசியல் சட்டம் பேச்சுரிமையைக் காப்பது அரசிடமிருந்து; முதலாளியிடமிருந்து அல்ல. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தனியார் ஊழியரைப் பேச்சுக்காக வேலையை விட்டு அனுப்பச் சட்டம் தடையில்லை. இந்த வாசலை அந்தச் சட்டமன்றக்காரர்கள் தொடவில்லை. வெளிச்சந்தைக்காகப் பேச்சை நசுக்காதே என்றார்களே ஒழிய, பேச்சை நசுக்கும் அதிகாரம் உன்னிடம் ஏன் இருக்கிறது என்று கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில், என்.பி.ஏ. தன்னை 'அரசியல் பேசும் லீக்' என்று விற்றுக்கொண்டது. திருநர்களின் கழிப்பறை உரிமையைப் பறித்த சட்டத்துக்காக 2017 ஆட்டமொன்றை வட கரோலினாவிலிருந்து மாற்றியது. அது பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கு உள்ளூர்ச் சந்தை இருந்தது, ஹாங்காங் பேச்சுக்கு இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? மோரி பிழைத்தார், 2020இல் ஃபிலடெல்ஃபியா அணிக்குப் பெரிய பதவியில் போனார். 2021 அக்டோபரில் திபெத் பற்றிப் பேசிய எனஸ் கான்டர் என்ற வீரரின் பாஸ்டன் அணி ஆட்டங்கள் டென்சென்ட்டில் மறைந்தன. 2022 பிப்ரவரியில் அவரை ஹூஸ்டனுக்கு மாற்ற, ஹூஸ்டன் விடுவித்தது. அரசியல்தான் காரணம் என்றார் அவர். நிரூபிக்க முடியாது, இந்த வகைத் தண்டனையின் இயல்பே அதுதான். 2022இல் சிசிடிவி ஒளிபரப்பு திரும்பியது, 2025 அக்டோபரில் மக்காவில் என்.பி.ஏ. அணிகள் மறுபடி ஆடின. ஹாங்காங்கிலோ, 2020இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிளிட்ஸ்சுங் கத்திய அதே முழக்கத்தைக் கொடியாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் போய்ப் போலீசார் மீது மோதிய ஓர் இளைஞருக்கு 2021இல் ஒன்பது ஆண்டுச் சிறை. அந்த முழக்கம் பிரிவினையைத் தூண்டக்கூடியது என்றது தீர்ப்பு. சந்தை சமாதானமாகிவிட்டது. முழங்கிய நகரத்தில் அந்த வாசகத்தைச் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் தூர நின்று எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்ற கேள்வியோடுதான் எழுதினேன். சில வருஷம் முன்னால் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளனாக இருந்தேன். ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது: நிறுவனத்தின் நற்பெயருக்குக் குந்தகமாக, 'அரசியல் சார்ந்த' எதையும் எழுதவோ பகிரவோ மாட்டேன். குந்தகம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். அலுவலக உதவியாளர் சிரித்துக்கொண்டே, "சார், எனக்கு என்ன தெரியும், எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்களும் போட்டுடுங்க" என்றார். போட்டேன். வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு இல்லை, மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்றார்கள்.

அதனால் லெம்லேயைத் தீர்ப்புச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. ஆனால் லெம்லேயையும் அந்த விமானப் பணிப்பெண்ணையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். ஒருவர் கையெழுத்துப் போட்டால் உலகம் முழுக்க ஒரு படம் வெட்டுப்படுகிறது. இன்னொருவர் ஒரு வரி எழுதினால் அவர் சோறுதான் வெட்டுப்படுகிறது. மன்னிப்புக் கடிதங்களை வாசிக்கும்போது எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பார்ப்பதோடு, எந்தப் பெயர் அதில் வரவே இல்லை என்றும் பார்க்க வேண்டும். நீக்கப்பட்ட அந்த இரண்டு வர்ணனையாளர்கள், கேட்டதற்காக வகுப்பு இழந்த என் சக விரிவுரையாளர்: இவர்களிடம் இதுவரை யாரும் எந்த மொழியிலும் மன்னிப்புக் கேட்டதாக நான் படிக்கவில்லை. நானும் கேட்டதில்லை.