வழிப்போக்கரும் அடுப்பங்கரையும்: சந்தை உலா, வீட்டுச் சமையல் வகுப்புகளின் வரலாறு

சந்தை உலாவும் வீட்டுச் சமையல் வகுப்பும் இன்றைய சுற்றுலாவின் ஒரு பிரிவு. வெளியூரிலிருந்து வரும் பயணிகளை உள்ளூர்ச் சந்தைக்கு அழைத்துச் சென்று காய்கறியும் மளிகையும் வாங்கவைப்பார்கள். பிறகு ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொடுத்து, சமைத்ததை எல்லோரும் உடன் அமர்ந்து உண்பார்கள். இத்தாலிய நகரங்களில் இம்முறை 1970களிலிருந்து வளர்ந்தது. தமிழ் பேசும் பகுதிகளில் காரைக்குடி, புதுச்சேரி, சென்னை ஆகிய ஊர்களில் 1990களின் இறுதிக்குப் பிறகு வேரூன்றியது. திருத்தணி போன்ற யாத்திரைத் தலங்களில் இது பழக்கத்துக்கு வரவில்லை.

வழிப்போக்கருக்குச் சோறிடுவது தமிழ்நாட்டில் மிகப் பழைய அறம். அவரை அடுப்பங்கரைக்குள் விடுவதோ மிகப் புதிய வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இங்கு இந்த வகுப்புகளின் வரலாறு.

இத்தாலியில் தொடக்கம்

இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு அச்சில் முகம் கொடுத்தவர் பெல்லெக்ரினோ ஆர்துசி. அவர் சமையல்காரர் அல்லர், வணிகர். 1891இல் பிளாரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் சமையல் நூலொன்றை அச்சிட்டார். நாடு முழுவதும் வீடுகளில் புழங்கிய செய்முறைகளைத் திரட்டி, தம் வீட்டில் வேலை செய்த மரியெத்தா சபாதினி, பிரான்செஸ்கோ ருஃபிலி ஆகியோரைக் கொண்டு சமைத்துப் பார்த்த பிறகே அவர் எழுதினார். 1911இல் இறந்தபோது நூலின் உரிமையை அந்த இருவருக்கே எழுதி வைத்திருந்தார். அடுப்படியில் நின்றவருக்கு நூலின் வருவாயைக் கொடுத்த எழுத்தாளர்கள் உலகில் அதிகம் இல்லை. அவர் பிறந்த ஃபோர்லிம்போபோலி என்ற சிற்றூரில் 2007இல் தொடங்கப்பட்ட ‘காசா ஆர்துசி’ நிறுவனத்தில் சமையல் பள்ளி நடக்கிறது. அங்கே கற்றுக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்கு மரியெத்தாவின் பெயரே வழங்குகிறது.

பயணிகளுக்கான வகுப்பைப் புகழ்பெறச் செய்தவர் மார்செல்லா ஹசான் (1924–2013). அறிவியலில் பட்டம் பெற்றவர். திருமணத்துக்கு முன் சமைத்தறியாதவர். கணவருடன் நியூயார்க் சென்றபின் புத்தகத்தைப் பார்த்தும் நாவின் நினைவைக் கொண்டும் சமையல் பழகினார். 1973இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1976இல் பொலோனியா நகரில் வெளிநாட்டினருக்கான சமையல் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் வெனிசில் தம் வீட்டிலேயே சிலருக்கு மட்டும் கற்பித்தார். ரியால்தோ சந்தைக்குப் போய் மீனையும் காயையும் பார்த்து வாங்குவது அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. சந்தை, அடுப்படி, சாப்பாட்டு மேசை என்ற இன்றைய வரிசையை அங்கே தெளிவாகக் காணலாம்.

2004இல் பொலோனியாவில் தொடங்கிய ‘செசரினே’ அமைப்பு சாதாரண இல்லத்தரசிகளின் வீடுகளை ஒரு வலைப்பின்னலாக இணைத்தது. 2016இல் ஏர்பிஎன்பி நிறுவனம், தங்கும் அறைகளோடு இத்தகைய ‘அனுபவங்களையும்’ விற்கத் தொடங்கியது. அதன்பின் உலகில் எந்த ஊரிலும், ஒரு சமையலறையும் இணைய இணைப்பும் இருந்தால் வகுப்பு நடத்தலாம் என்ற நிலை வந்தது.

இத்தாலியர்களுக்கு இதில் ஓர் இயற்கையான வசதி உண்டு. முட்டையும் மாவும் பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, உருளைக்கட்டையால் தேய்த்து, நறுக்கி வேகவைத்தால் பாஸ்தா தயார். மூன்று மணி நேர வகுப்புக்கென்றே அளந்து செய்தது போன்ற உணவு. அதோடு, அங்கே மாவு பிசைவது மறைவான வேலையும் அன்று. பாரி நகரின் பழைய தெருவில் பெண்கள் வாசலில் மேசை போட்டு, காது வடிவப் பாஸ்தாவை விரலால் உருட்டிக் காயவைப்பதை இன்றும் காணலாம்.

சத்திரமும் சமையற்கட்டும்

தமிழ்நாட்டில் பயணியின் பசியைத் தீர்த்தவை சத்திரங்கள். தஞ்சை மராட்டியர் ஆட்சியில் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் எழுந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் இவற்றின் நடைமுறையை விரிவாகச் சொல்கிறது. எல்லாச் சாதியாருக்கும் எல்லா வகைத் துறவியருக்கும் உணவு உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்றவருக்கு மருந்தும், ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் படிப்பும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

அந்தக் கடிதத்தில் ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மற்றப் பொருள்களும் சமைக்காமலே தரப்பட்டன. பிறர் கைச்சமையலை உண்ணாத சாதி ஆசாரத்துக்கு அறச்சாலை வழிவிட்ட ஏற்பாடு இது. அரிசியை வாங்கிக்கொண்டவர் மூன்று கல்லைக் கூட்டி, தாமே பொங்கிச் சாப்பிட்டார். பயணி தம் கையால் சமைத்தார் என்ற அளவில் இன்றைய வகுப்புக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் நோக்கம் நேர் எதிரானது. அன்று மற்றவரின் அடுப்பைத் தவிர்ப்பதற்காகச் சமைத்தார்கள். இன்று மற்றவரின் அடுப்பை அறிவதற்காகப் பணம் கொடுத்துச் சமைக்கிறார்கள்.

1863இல் காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் சத்திரத்தை நிறுவினர். 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே சாதி பார்த்துப் பந்தி இல்லை. பொது இடங்களிலோ நிலைமை வேறாக இருந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது நீங்கியது. பந்தியே பிரிந்திருந்த நாட்டில் அடுப்பங்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் திண்ணையில் அமர்ந்தார், கூடத்தில் உண்டார். சமையற்கட்டின் வாசற்படியை உறவினரும் யோசித்தே தாண்டினர்.

எழுத்தில் வந்த கைப்பக்குவம்

அடுப்பங்கரைக்குள் பிறர் வருவதற்கு முன், அடுப்பங்கரை வெளியே வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் (1905–1962) எழுதிய ‘சமைத்துப் பார்’ நூலின் முதல் பகுதி 1951இல் வெளிவந்தது. உறவுக்காரப் பெண்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததால், அவற்றைப் புத்தகமாக்கும்படி உறவினர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் சொன்ன யோசனையில் பிறந்த நூல் இது. தாயை விட்டுத் தொலைதூரம் போன மணப்பெண்களின் பெட்டிகளில் பட்டுப்புடவையோடு இதுவும் சென்றது.

அந்நூல் செய்த பெரிய வேலை, கண்ணளவை எண்ணளவாக மாற்றியது. வீடுகளில் சமையல் ‘ஒரு கை’, ‘கொஞ்சம்’, ‘நெல்லிக்காயளவு புளி’ என்றே கற்றுக்கொடுக்கப்பட்டது. அம்மாவின் பக்கத்தில் பத்து வருடம் நின்றவளுக்கு அது போதும். மூன்று மணி நேரம் நிற்பவருக்குப் போதாது. ஆர்துசியின் நூல் இத்தாலியில் எதைச் செய்ததோ, ஏறக்குறைய அதையே இது இங்கே செய்தது. பயணிகளுக்கான வகுப்பு நடத்துவோர் இன்று கிராமும் கரண்டியும் சொல்லிக் கற்பிக்க முடிகிறதென்றால், அதற்கான வழியை இத்தகைய நூல்களே போட்டன.

காரைக்குடி

தமிழ்நாட்டில் பயணிகளுக்கான சமையல் வகுப்பு நன்றாக ஊன்றிய இடம் செட்டிநாடு. பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் வட்டித் தொழில் செய்த நகரத்தார், ஈட்டிய பொருளைக் கொண்டு சுமார் 75 ஊர்களில் மாளிகை போன்ற வீடுகளைக் கட்டினர். இரண்டாம் உலகப்போரும் பர்மா இழப்பும் அந்தச் செல்வத்தின் அடித்தளத்தை அசைத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. வீடுகள் பூட்டிக் கிடந்தன. பர்மாத் தேக்குத் தூண்கள் பல, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

இந்தச் சூழலில், தம் குடும்பத்தாருக்குச் சொந்தமான ஒரு பழைய மனமகிழ் மன்றக் கட்டடத்தை 1990களின் இறுதியில் மீனாட்சி மெய்யப்பன் ‘தி பங்களா’ என்ற விடுதியாக்கினார். வாழையிலையில் பரிமாறிய செட்டிநாட்டு விருந்தே அதன் பெயரைப் பரப்பியது. உண்டவர்கள் செய்முறை கேட்டார்கள்; சமையல் செயல்விளக்கமும் வகுப்பும் அதன் தொடர்ச்சியாக அமைந்தன. 2014இல் சுமீத் நாயருடன் சேர்ந்து அவர் ‘தி பங்களா டேபிள்’ என்ற சமையல் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தான் முதலிய ஊர்களிலும் பழைய வீடுகள் விடுதிகளாயின.

செட்டிநாட்டில் சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் போவது பாதி வரலாற்றுப் பாடம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றை முகர்ந்து பார்ப்பவர், இந்த வறண்ட நிலத்தின் அஞ்சறைப்பெட்டிக்குள் கடல்வழி வணிகம் புகுந்ததை உணர்வார். கவுனி அரிசியில் பர்மாத் தொடர்பு இனிக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரிய வீடுகளின் புகழ்பெற்ற சமையலைச் செய்தவர்களில் பலர் அந்த வீட்டாருக்கு வேலை செய்த சமையல்காரர்கள். திருமண விருந்துகளில் அண்டாக்களைக் கையாண்டவர்களும் அவர்களே. ஆச்சிமார் பக்குவம் சொன்னார்கள். அம்மியில் அரைத்த கைகள் பெரும்பாலும் வேறு. விடுதிகளின் வகுப்புகளில் இன்று பயணிக்கு முன் நின்று ‘இப்படித் தாளிக்க வேண்டும்’ என்று காட்டுபவர் பல நேரங்களில் அத்தகைய சமையல்காரரே. பள்ளியில் அதிகம் படிக்காதவர் ஆசிரியர் இடத்திலும், பட்டங்கள் பெற்றவர் மாணவர் இடத்திலும் நிற்கும் அரிய காட்சி அது. அவருடைய பெயரும் ஊதியமும் விருந்தின் புகழுக்கு ஏற்ப உயர்ந்தனவா என்பதை வைத்தே இந்தத் தொழிலை எடைபோட வேண்டும்.

புதுச்சேரியும் சென்னையும்

புதுச்சேரியின் சீதா பண்பாட்டு மையம் கோலம், யோகா ஆகியவற்றோடு சமையலையும் பயணிகளுக்குக் கற்பிக்கிறது. நேரு வீதியிலுள்ள குபேர் அங்காடி, ஊர்க்காரர் வாய்ச்சொல்லில் பெரிய மார்க்கெட், அந்நகரில் சந்தை உலாவுக்கு ஏற்ற இடம். சென்னையில் ‘ஸ்டோரிடிரெயில்ஸ்’ நிறுவனம் ஜார்ஜ் டவுன் கடைவீதிகளைக் கதை சொல்லிச் சுற்றிக்காட்டுகிறது. நகரின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிவிட்டது. கோயம்பேடு உச்சத்தில் இருப்பது விடியலுக்கு முன். சுற்றுலாப் பயணிகள் விழித்தெழும் நேரத்தில் பாதி லாரிகள் காலியாகியிருக்கும்.

வகுப்பில் எழும் சிக்கல்கள்

தமிழ்ச் சமையலின் தலைமகனான இட்லியை ஒரே நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. ஊறவைக்கச் சில மணி நேரம், அரைத்தபின் புளிக்க ஓர் இரவு. ஆகவே வகுப்பில் இன்று அரைப்பது ஒரு மாவு, ஊற்றுவது நேற்று அரைத்த வேறொரு மாவு. குழம்பு, ரசம், பொரியல் ஆகியவை வகுப்புக்கு எளிதில் அடங்குகின்றன. அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவதும், துருவுமணையில் தேங்காய் துருவுவதும் பயணிகளுக்கு வியப்பும் கொஞ்சம் அச்சமும் தரும் பகுதிகள். கால் மடக்கி அமர முடியாதவருக்கு நின்றுகொண்டு நறுக்கக் கத்தியும் பலகையும் கொடுத்துவிடுகிறார்கள்.

கடினமான சிக்கல் வாசற்படியில்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பிரெஞ்சுக்காரரை அடுப்படிவரை அழைத்துச் செல்லும் சில வீடுகள், அதே தெருவில் வாழும் வேறு சாதிக்காரரை இன்னும் கூடத்தோடு நிறுத்துகின்றன. கடல் கடந்து வந்தவருக்குச் சாதி இல்லை. எனவே தீட்டும் இல்லை. பணம் திறந்த கதவு பக்கத்து வீட்டாருக்கும் திறந்ததா என்று பார்க்காமல் இந்த வகுப்புகளைச் சமத்துவத்தின் அடையாளமென்று புகழ்வது அவசரம்.

திருத்தணி

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள திருத்தணிக்கு வருவோர் தொகைக்குக் குறைவில்லை. ஆடிக் கிருத்திகையில் பூக்காவடிகள், டிசம்பர் 31இல் படித்திருவிழா, ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள் என ஊர் நிறைந்தே இருக்கும். வருவோர் பெரும்பாலும் அன்றே திரும்புகிறார்கள். உணவு இங்கே விருந்தாகவும் அறமாகவும் உண்டு, பாடமாக இல்லை. கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. 2021 செப்டம்பரில் திருச்செந்தூர், சமயபுரம் கோயில்களோடு திருத்தணியிலும் நாள் முழுதும் அன்னதானம் வழங்கும் முறை வந்தது.

இந்த ஊரின் சமையலில் கற்க வேண்டியது எல்லை. ம. பொ. சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. கோடு நகர்ந்ததே தவிர, அடுப்புகள் நகரவில்லை. தமிழில் புளிச்சகீரை என்று கேட்டாலும் தெலுங்கில் கோங்கூரா என்று கேட்டாலும் கைக்கு வருவது ஒரே கட்டுதான். எல்லைக்கு இப்பால் கேழ்வரகுக் களி, அப்பால் ராகி சங்கட்டி. வெந்த சோற்றில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் உருட்டி எடுக்க ஒரு மணி நேரம் போதும். இட்லியைப் போல ஓர் இரவு காத்திருக்க வேண்டியதில்லை. கிண்டுவதற்குத் தோள் வலு மட்டும் வேண்டும்.